அவிய பேருள்ள ஊர்

உமா,

நேற்றுச் சாப்பிடும்போது நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "போகட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையிலே சொல்லிடு மா" என்றாய். ரசம் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குள் போனவள், நீ கை கழுவுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன். திங்கட்கிழமை நீ சியால்டாவில் ரயில் ஏறுகிறாய். வடக்கே தேயிலைத் தோட்டங்களுக்கு அருகே ஒரு சிறையில் உனக்கு நிரந்தர வேலை. இங்கே இருந்தவரை, இருட்டுவதற்குள் மாடிப்படியில் உன் செருப்புச் சத்தம் கேட்டுவிடும். இனி அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது. உத்தரவு வந்த நாளிலிருந்து "போகாதே" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. ஆனால் இங்கே சிறையில் பேச்சியம்மாள் விஷயம் நடந்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. மாற்றிச் சொல்லவும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ ஆபீஸில் சாவி ஒப்படைக்கப் போயிருக்கிறாய், உன் அப்பா பாங்கில் இருக்கிறார். கரண்ட் போய் வெகு நேரமாகிறது. கல்கத்தா மெட்ரோவுக்குத் தோண்டிய புழுதி ஜன்னல் வழியாக வந்து இந்தக் காகிதத்தின் மேல் உட்காருகிறது. தட்டித் தட்டி எழுதுகிறேன். நீ முதன்முதலில் சிறைக் கேட்டுக்குள் வேலைக்குப் போனபோதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. தாமதமாகத்தான் எழுத வருகிறது.

உனக்கும் எனக்கும் பதினெட்டு வயதுதான் வித்தியாசம். லேக் மார்க்கெட்டில் காய்கறிக்காரன் இன்றைக்கும் நம்மை அக்கா தங்கை என்று நினைத்துத்தான் பேரம் பேசுகிறான். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பி.ஏ. பரீட்சைக்குப் படித்தவள் நான். அதனால்தானோ என்னவோ, உன்னை வளர்த்தேன் என்பதைவிட உன்னோடு சேர்ந்து பயந்து பயந்து வளர்ந்தேன் என்று சொல்வது சரியாக இருக்கும். நீ பல் முளைக்கும்போது பயந்தேன், பஸ்ஸில் தனியாகப் போகும்போது பயந்தேன். சிறைக்கு வேலைக்குப் போனபோது பயத்தை மறைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் கேட்டாலும் "கவர்மெண்ட் வேலை" என்பேன். மேற்கொண்டு கேட்டால் "சைக்காலஜி சம்பந்தமா" என்பேன். ஜெயில் என்ற சொல்லை உன் பெயருக்குப் பக்கத்தில் வைத்து நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் ஏதோ ஆகிவிடும் என்று ஒரு பயம்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. நக்சல் காலத்தில் நமக்குக் கீழ்வீட்டு வங்காளி மாஷிமாவின் பிள்ளை பாப்பியை போலீஸ் பிடித்துக்கொண்டு போனார்களே, அப்போது உனக்குப் பத்து வயது. அந்தத் தெருவில் பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியும் பிணம் பார்த்தவள் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தோம். நான் உன்னை மாடிப்படி இறங்கவிடாமல் வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் குளிப்பாட்டித் தலை துவட்டும்போது நீ சாதாரணமாகக் கேட்டாய்: "மா, லூச்சியை ஏன் அவங்க கிழிச்சுக் கிழிச்சுப் பாக்கறாங்க?" எந்தப் பூரி, யார் கிழித்தது என்று கேட்டால், ஜெயில் கேட்டில் காவல்காரர்கள் என்கிறாய். மாஷிமா பிள்ளையைப் பார்க்கப் போகிறபோதெல்லாம் டிராமில் அவளோடு நீயும் போயிருக்கிறாய். டிபன் காரியரைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டுமாம். துண்டோடு உன்னை இழுத்துக்கொண்டு கீழே போனேன். மாஷிமா உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவளைத் திட்டாதே பெண்ணே. தனியாகப் போனால் அந்த வரிசையில் நான் அழுதுவிடுவேன். குழந்தை பக்கத்தில் இருந்தால் அழ முடியாது, அதற்காகத்தான்" என்றாள். அவள் வங்காள மொழியில் சொன்னது அப்படியே தமிழில் எனக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் நீ போனாய். நான் தெரியாததுபோல் இருந்தேன்.

பாப்பி திரும்பி வந்தபோது அவன் பேசவில்லை, நினைவிருக்கிறதா. படிக்கட்டின் கடைசிப் படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். பெரியவர்கள் எல்லோரும் அவனைச் சுற்றிப் போனோம். நீ மட்டும் லூடோ பலகையைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் விரித்து, உன் ஆட்டத்தையும் அவன் ஆட்டத்தையும் நீயே ஆடிக்கொண்டிருந்தாய். எத்தனையோ மாதம். ஒருநாள் மாஷிமா படி ஏறி ஓடி வந்தாள். அவன் பேசிவிட்டானாம். என்ன சொன்னான் என்றால், "இவள் ஏமாற்றுகிறாள்" என்றானாம். நீ அவன் காயை வேண்டுமென்றே பின்னால் நகர்த்தியிருக்கிறாய். அன்றைக்கு மாஷிமா தெரு முழுக்க ரசகுல்லா கொடுத்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே ஒரு கலக்கமும் வந்தது. இந்தப் பெண் எங்கே போய் நிற்கப் போகிறாள் என்று.

நீ சைக்காலஜி எடுத்தபோது உன் அப்பா, "பைத்தியத்துக்குப் படிக்கப் போறியாக்கும்" என்று சிரித்தார். பாங்க் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். நீ எம்.ஏ. முடித்து, குழந்தைகள் கிளினிக்கில் மரக்கட்டைகளும் மைக்கறைப் படங்களும் வைத்துக்கொண்டு வேலை செய்தபோது நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். குழந்தைகள்தானே. பிறகு உன் பேராசிரியர் வாரம் ஒருமுறை சிறைக்குப் போனார், நீ அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போனாய். பிறகு அவர் போகாத வாரமும் நீ போனாய். பிறகு வெல்ஃபேர் ஆபீசர் என்று ஒரு வேலை வந்தது. சிறையில் சைக்காலஜிஸ்ட் என்று ஒரு நாற்காலியே கிடையாது, இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்த வேலையைச் செய்கிறேன் என்றாய். பெண்கள் வார்டுக்கு உன்னைப் போட்டார்கள். திருடினவள், கொன்றவள், குழந்தை விற்றவள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டு, ராத்திரி நீ தூங்கும்போது உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், யாராவது கீறியிருக்கிறார்களா என்று. நான் பயந்தது எல்லாம் குற்றம் செய்தவர்களைப் பற்றி. அதுதான் என் அறியாமை.

இங்கே வேறொரு சின்ன விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். உன்னை முதல் வகுப்பில் சேர்க்கப் போனபோது, கன்னியாஸ்திரீ என்னிடம் உன் அப்பாவின் பெயரைக் கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. பி.ஏ. படித்தவள், ஆங்கிலத்தில் அவருடன் பேசிக்கொண்டிருந்தவள், அந்த ஒரு கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டு உன் முதுகில் இடித்தேன். நீ நெஞ்சை நிமிர்த்திப் பள்ளிக்கூடமே கேட்கிற மாதிரி அப்பா பெயரைச் சொன்னாய். வீட்டில் இது பெரிய வேடிக்கை. ரேஷன் கடை, பால் அட்டை, எங்கே போனாலும் "மா, நான் சொல்லட்டுமா" என்று கேலி செய்வாய். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று பாளையங்கோட்டையில் என் அம்மா சொல்லி வளர்த்தாள். நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை என்பேன். சொல்லு என்றால் மாட்டேன். அதற்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன், எழுதினால் தோஷமில்லை என்று. எங்கே கேட்டாலும் பேனாவை வாங்கி எழுதிவிடுவேன். மாஷிமாவும் அப்படித்தானே, செத்துப்போன புருஷனைக்கூட "பாப்பியோட பாபா" என்றுதான் சொல்வாள். நமக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு நீ வந்து, "மா, வார்டிலே ஒரு தமிழ் அம்மா இருக்காங்க. ரொம்ப வருஷமா இருக்காங்க. அவங்க பேசறது எனக்குப் பாதிதான் புரியுது, நீ ஒருதரம் வா, ஜெயில் சூப்பிரண்டுகிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன்" என்று சொன்னபோது, நான் வரவே மாட்டேன் என்றேன். நீ வற்புறுத்தவில்லை. அடுத்த வாரம் டாக்டர்கள் கூடி அவளை மனநோய் ஆஸ்பத்திரிக்கு மாற்றப் போகிறார்கள், அதற்கு முன் ஒருதரம் சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாய். அங்கே போனால் திரும்பி வருவாளா என்று கேட்டேன். "யாரு கூப்பிட்டுப் போவாங்க? அவங்களுக்கு யாருமே இல்லியே" என்றாய். அதனால் வந்தேன். உண்மையில் அவளுக்காக வரவில்லை, நீ எங்கே போய் உட்காருகிறாய் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

பெரிய கதவில் இருக்கிற சின்னக் கதவு வழியாகக் குனிந்து உள்ளே போனோம். முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலை மொட்டையடித்தவர்கள், தமக்குத்தாமே பேசுகிறவர்கள், ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண். உன்னைப் பார்த்ததும் "தீதி, தீதி" என்று அக்காவைக் கண்டதுபோல் எழுந்து வந்தார்கள். ஒருத்தி உன் பையைப் பிடித்துக்கொண்டாள். இவர்கள் என்ன செய்தார்கள் என்று உன் காதில் கேட்டேன். நீ நடந்துகொண்டே, "ஒண்ணும் செய்யலை" என்றாய். புரியவில்லை. "தெருவிலே திரிஞ்சவங்க, வீட்டுக்காரங்க கொண்டுவந்து விட்டவங்க. ஆஸ்பத்திரியிலே இடம் இல்லைன்னு கோர்ட்டு இங்கே அனுப்புது. ரெஜிஸ்டர்லே இவங்களுக்குத் தனிப் பேர் இருக்கு மா. குற்றம் செய்யாத பைத்தியம்." நான் அந்த முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டேன். கொலைகாரிகள் நடுவே என் மகள் இருக்கிறாள் என்று ராத்திரியெல்லாம் கையைத் திருப்பிப் பார்த்தவளுக்கு, அங்கே குற்றமே செய்யாதவர்களைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். வேலையை விட்டுவிடு என்றிருப்பேன்.

பேச்சியம்மாள் சுவரோரம் உட்கார்ந்து ஒரு கிழிந்த புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள் இருப்பாள். நீ உன் தமிழில், "இது என் அம்மா" என்றாய். அவள் என் கழுத்தைப் பார்த்தாள், தாலியைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"ஒனக்கு எந்த ஊரு தாயி?"

"பாளையங்கோட்டை" என்றேன்.

"பாளையங்கோட்டையா. அங்கன இருந்து எங்க ஊருக்கு நேர பஸ்ஸு உண்டும்லா" என்றாள், நேற்றுத்தான் பஸ்ஸை விட்டு இறங்கினவள் மாதிரி.

"எந்த ஊரும்மா உங்களுக்கு?"

அவள் வெட்கப்பட்டாள். இந்தச் சிறைக்குள் உட்கார்ந்துகொண்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, புதுப்பெண் மாதிரி. "அதான், அவிய பேருள்ள ஊரு" என்றாள். புருஷனைத்தான் எங்கள் பக்கம் அவிய என்பார்கள். நீ என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாய், இதைத்தான் சொன்னேன் என்பதுபோல. அவள் தொடர்ந்தாள். "கோயிலும் அவிய பேருலதான். ஆடி பொறந்துட்டா கோமதித் தாயி தபசுக்கு நிப்பா. தெருவுல கால் வைக்க எடம் இருக்காது. எங்க சைக்கிள் கடைய ரெண்டு நா பூட்டிப் போட்டிருவாவ."

"சங்கரன்கோயிலா?" என்று கேட்டேன்.

அவள் பதறி என் வாயைப் பொத்த வந்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, மேலே வானத்தைப் பார்த்து, யாரிடமோ சொல்வதுபோல, "நீதான் சொன்னே தாயி. நான் சொல்லலே" என்றாள். அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

வெளியே வந்து, எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நீ எழுதியிருந்த ரிப்போர்ட்டை எனக்கு ஆங்கிலத்தில் படித்துக் காட்டினாய். கணவன் பெயர் நினைவில்லை. சொந்த ஊர் தெரியவில்லை. ஊரும் கோயிலும் கணவனுக்குச் சொந்தம் என்று நம்புகிறாள், இது பெருமை பற்றிய மனப்பிறழ்வு. கோமதி என்ற நதி தவம் செய்வதாகச் சொல்கிறாள். உனக்குக் கோமதி என்றால் நதிதான் உமா, பூகோளப் புத்தகத்தில் படித்தது; அவள் சொன்னது அந்தக் கோயில் அம்மனை. சங்கரன் என்று ஒருவனைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோயிலில் வாழ்ந்தவள், அவன் பெயரைச் சொல்லாமல் தன் ஊரைச் சொல்லவே முடியாது என்பது உனக்கு எப்படித் தெரியும்? ஆனால் பெயர் சொல்லாத பெண்பிள்ளை எப்படி இருப்பாள் என்பது உனக்குத் தெரியும். தினமும் நம் வீட்டில் பார்த்தாய். வீட்டில் அதற்குப் பெயர் அம்மாவின் வேடிக்கை. கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை, அதனால் அதற்குப் பெயர் நோய். நான் இதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீ ஆறிப்போய் ஏடு படிந்து, ஈ உட்கார்ந்து, கடைக்காரன் "தீதி, வேற போடட்டுமா" என்று கேட்டும் நீ அசையவில்லை. "நான் எழுதினேன் மா. என் கையாலே எழுதினேன்" என்று மட்டும் சொன்னாய். பாப்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாதிரி இருந்தாய். உன்னை அப்படி நான் பார்த்ததில்லை. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய திகில் எனக்கு வந்ததில்லை. சிறை உன்னை என்ன செய்துவிடுமோ என்று பயந்திருக்கிறேன். நீ ஒருத்தியை என்ன செய்துவிடக்கூடும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சூப்பிரண்டு நல்ல மனிதர்தான். பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், புதிதாக ஒன்று கொடுங்கள், யாருக்கும் தெரியாது என்றார். நீ கிழிக்கவில்லை. அதற்கு மேலேயே இன்னொன்று வைத்தாய். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், முதல் வரி எனக்குத் தெரிந்தது. என் முந்தைய அறிக்கை தவறு, நோயாளியின் மொழியும் வழக்கமும் எனக்குத் தெரியவில்லை, அந்தக் குறை அவளுடையதல்ல. அவர் படித்துவிட்டு, "இப்படியெல்லாம் எழுதினால் உத்தியோகம் நிற்காது அம்மா" என்றார். நீ, "நிற்கலைன்னா பாங்க் பரீட்சை எழுதறேன் சார், அப்பா ஃபாரம் வச்சிருக்கார்" என்றாய். எனக்கு அந்த நேரத்தில் சிரிக்க வந்தது எப்படி என்று தெரியவில்லை.

மாஜிஸ்திரேட் முன்னால் அவளைக் கொண்டுபோனபோது, மொழிபெயர்க்க என்னை நிற்கவைத்தார்கள். புத்தி தெளிவாக இருக்கிறது என்பதற்கு அவளே தன் வாயால் கணவன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார் அரசுத் தரப்பு வக்கீல். நான் அவள் காதில் சொன்னேன்: "ஒரே ஒரு தடவை சொல்லிருங்கம்மா. சொன்னா வீட்டுக்குப் போயிரலாம்."

"ஆயுசு கொறஞ்சிருமே தாயி."

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"நீ சொல்லுவியா ஒன் வீட்டுக்காரரு பேர?"

நான் அவளையே பார்த்தேன். புருஷனோடு காசியிலிருந்து திரும்பும் வழியில் ஹௌரா ஸ்டேஷன் கூட்டத்தில் தொலைந்துபோய், தொட வந்த போலீஸ்காரரின் கையைக் கடித்து, அதனால் பைத்தியம் என்று எழுதப்பட்டு, இத்தனை வருஷம் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவள். வாயைத் திறந்து ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால், யாராவது ஒருவர் எப்போதாவது ஒரு கார்டு போட்டிருப்பார்கள். அவள் புருஷன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் அவளும் ஒரே சீமையில் பிறந்து ஒரே பயத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். எனக்கு எழுதத் தெரியும், பெயர் சொல்ல உன்னைப்போல் ஒரு குழந்தை இருந்தது, அதனால் நான் வெளியே இருக்கிறேன். அவளுக்கு இரண்டும் இல்லை. அப்போதுதான் நீ எழுந்து, அவள் ஏன் சொல்ல மாட்டாள் என்று வங்காள மொழியில் விளக்கினாய். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என் மனைவியும் இதுவரை என் பெயரைச் சொன்னதில்லை. அவளையும் பூட்டி வைக்கலாமா வக்கீல் சார்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் பேச்சியம்மாளும் சிரித்தாள். உறவினர் யாராவது நேரில் வந்து அழைத்துப் போகலாம் என்று உத்தரவு போட்டார்.

திருநெல்வேலியிலிருந்து உன் மாமா சங்கரன்கோயிலுக்குப் போய் ஒரே காலை நேரத்தில் சைக்கிள் கடையைக் கண்டுபிடித்துவிட்டான். அவள் புருஷன் இரண்டு தடவை கல்கத்தாவுக்கு வந்து தேடியிருக்கிறார். ஆஸ்பத்திரிகளில், பிணக்கிடங்குகளில், காளிகாட்டில் பிச்சைக்காரர்கள் வரிசையில், லேக் மார்க்கெட்டில் தமிழ்க் கடை தோறும். ஜெயிலில் பார்க்கவில்லையா என்று உன் மாமா கேட்டதற்கு அவர் கோபப்பட்டாராம். "ஜெயில்ல எதுக்குய்யா பாக்கணும்? அவ என்ன தப்பு செஞ்சா?"

அவர் வந்த அன்றைக்குக் கேட்டில் நீயும் நானும் இருந்தோம். குமாஸ்தா உன்னைப் பார்த்து, "தீதி, ஊருக்குச் சொந்தக்காரர் வந்திருக்கிறார்" என்று கிண்டலடித்தான். நீ தலை குனிந்துகொண்டு அதை வாங்கிக்கொண்டாய். சின்னக் கதவு வழியாக அவள் குனிந்து வெளியே வந்தாள். அவர், "பேச்சி" என்றார். தெருவே கேட்கும்படி, தயக்கமில்லாமல். ஆண்களுக்கு அந்த வசதி இருக்கிறது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதலில் சொன்னது என்ன தெரியுமா, உனக்குப் புரிந்ததோ இல்லையோ: "தலைக்கு எண்ண வைக்கதில்லியோ? என்ன இப்படிக் கறுத்துப் போயிட்டிய?" அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அந்தக் கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண். அவள் நெற்றியில் வைத்துவிட்டு, மிச்சத்தை உன்னிடம் நீட்டினார். நீ வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாய். பிறகு உன் நெற்றியில் வைத்துக்கொண்டாய்.

அங்கே போகிற உனக்கு நான் சொல்ல நினைப்பது அதிகமில்லை. அந்த மலைப்பக்கத்துச் சிறையில் நேபாளி பேசுகிறவள் இருப்பாள், தோட்டத்திலிருந்து வந்த சந்தாலி பேசுகிறவள் இருப்பாள். அங்கே உன் அம்மா வந்து மொழிபெயர்க்க முடியாது. ஒருத்திக்குத் தெரியவில்லை என்று எழுதுவதற்கு முன்னால், அவள் ஊரில் அவளைப்போல் ஒருத்தியைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா. அதற்கு நாளாகும், சூப்பிரண்டுகள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும். நீ செய்த தவற்றை மறந்துவிடு என்று சொல்ல மாட்டேன். நீ மறக்க மாட்டாய், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருக்காதே. வெறும் வயிற்றோடு உள்ளே போகாதே. வாரம் ஒரு கார்டு போடு, இரண்டு வரி போதும்.

இன்று காலை லேக் மார்க்கெட்டில் மங்களா மாமியைப் பார்த்தேன். உனக்கு மெட்ராஸ் வரன் கொண்டுவந்தாளே, அவள்தான். பெருங்காயம் வாங்கிக்கொண்டிருந்தாள். "பையனாத்துலே மறுபடியும் கேக்கறா. பொண்ணு கவர்மெண்ட்லே எந்த டிபார்ட்மெண்ட்னு தெளிவா சொல்லணுமாம்" என்றாள்.

"ஜெயில்ல வேலை" என்றேன்.

"என்னது?"

"ஜெயில்ல, மாமி. சைக்காலஜிஸ்ட் வேலைதான் செய்யறா. இப்ப வடக்கே மாத்தியிருக்காங்க."

மாமி பெருங்காய டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள். வாங்க வந்ததையே மறந்துவிட்டாள் பாவம். "அவா என்ன நினைச்சுப்பா?" என்றாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் துவரம்பருப்புக்குப் பையை நீட்டினேன். வீடு வரும்வரை ஒன்றும் ஆகவில்லை. மாடிப்படி ஏறி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரே வார்த்தை கேட்டாய். யாரையும் "போ" என்று மட்டும் சொல்லி வாசல் தாண்டவிட எனக்கு வராது. உன் அப்பாவின் பெயரைப்போல அதுவும் என் வாயில் வராத சொல். எனக்கு இரண்டு வார்த்தை வேண்டும்.

போயிட்டு வா.

அம்மா

டிபன் காரியரில் மேல் தட்டு முழுக்க லூச்சி வைக்கிறேன். அங்கே கேட்டில் கிழித்துப் பார்த்தால் பார்க்கட்டும். கிழித்த பிறகும் சாப்பிடு.